மூன்று கட்டம், மூன்று பொட்டு

அத்தியாயம் 6

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. திறந்திருந்தால்தான் அது செய்தி.

ஆம்னி வேனின் ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு செம்மொழி கேட்டாள். “பாய், ஒரு சந்தேகம். பொய் சொல்றதுல பேப்பர் ஒசத்தியா, போன் ஒசத்தியா?”

“பேப்பர்ல பொய் எழுதுறவனுக்குக் கை நடுங்கும். அந்த நடுக்கம் எழுத்துல தெரியும்,” என்றார் ஜாஃபர் சாதிக். “போன்ல என்ன தெரியும்? விரலை வச்சா பச்சை டிக் விழும். அதைவிடச் சுலபமான பொய் ஒலகத்துல கெடையாது.”

“அப்ப உங்க கூட்டாளி தியாகராசன் சார் மட்டும் ஏன் போனைக் கட்டிக்கிட்டு அழறாரு?”

“அவன் தொட்டா போன்கூட உண்மை பேசும்.”

ஜாஃபர் சாதிக்குக்கு ஐம்பது வயது. ஷார்ஜாவில் பதினான்கு வருஷம் கட்டட வேலைகளில் பாதுகாப்பு இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு வந்து, தஞ்சாவூர் கீழவாசலில் ஓர் அத்தர் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். ஷார்ஜாவில் வாங்கிய கிளிப் அட்டையை இன்னும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிகிறவர். பதினான்கு வருஷம் சாலையின் வலது பக்கம் ஓட்டிப் பழகியவர் இங்கே வண்டி ஓட்டுவது எதிரே வருகிறவர்களுக்கு நல்லதல்ல என்று ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டவள் செம்மொழி. வலங்கைமான் பக்கத்துப் பெண். எம்.காம். முடித்தவள். வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் எந்தக் காலேஜிலும் கற்றுக்கொள்ளாதவள்.

கேட் திறப்பதற்குள் கேஸைச் சொல்லிவிடலாம், நேரம் நிறைய இருக்கிறது.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் கதிர்முத்து மாடர்ன் ரைஸ் மில். போன வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நெல்லை மேலே தூக்கிப் போகும் எலிவேட்டரின் அடியில் அடைத்துக்கொண்ட நெல்லைத் தள்ளிவிடக் குனிந்தான் சுக்தேவ். பீகாரிலிருந்து வந்த இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. அவன் கழுத்துத் துண்டை ஓடுகிற பெல்ட் பிடித்து இழுத்தது. துண்டோடு அவனும் போய்விட்டான். பெல்ட்டை மூடியிருக்க வேண்டிய இரும்பு வலை அங்கே இல்லை.

வலை எப்போது கழன்றது என்பதுதான் கேள்வி. மில்லின் பாதுகாப்பு அதிகாரி தியாகராசன் ஆறு மாதத்துக்கு முன்னால் பழைய செக்கிங் நோட்டை ஒழித்துவிட்டுப் போன் ஆப் கொண்டுவந்திருந்தார். மில்லில் இருபத்து நான்கு இடங்களில் கியூஆர் ஸ்டிக்கர். டீக்கடையில் பணம் கட்ட ஒட்டியிருக்கிறதே, அதே சாதி. தினமும் காலையில் ஒவ்வொரு மிஷினிடமும் நடந்துபோய் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து, ‘சரி’ என்றோ ‘சரியில்லை’ என்றோ அழுத்த வேண்டும். விபத்தன்று காலை 9.12-க்கு எலிவேட்டர் ‘சரி’ என்கிறது ஆப். அப்படியானால் அதற்கும் பதினொரு மணிக்கும் நடுவில்தான் யாரோ வலையைக் கழற்றியிருக்க வேண்டும். ஸ்பேனர் வைத்திருக்கிறவன் ஃபிட்டர் மருதையன் ஒருவன். முதலாளி புகார் கொடுத்தார், மருதையன் உள்ளே போனான்.

வலை மூன்று வாரமாகவே இல்லை, தினமும் நோட்டில் எழுதியிருக்கிறேன் என்கிறானாம் மருதையன். ஒழித்துப்போட்ட பழைய நோட்டை அவன் ஒருவன் மட்டும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தானாம். அந்த நோட்டைக் காணவில்லை. மருதையனை ஜெயிலில் பார்க்க ஜாஃபருக்குத் திங்கட்கிழமைதான் நேரம் கிடைத்திருந்தது. இதுவரை கேட்டதெல்லாம் தியாகராசன் வாய்வழி வந்தவை.

ஏனென்றால் ஜாஃபரை இதில் இறக்கியதே தியாகராசன்தான். “சாதிக், மருதையன் தப்பு பண்றவன் இல்லடா. எங்கேயோ போன்ல கோளாறு. அந்த நோட்டு மட்டும் கெடைச்சா அவன் வெளியில வந்துடுவான். என் பேரு கெட்டாலும் பரவாயில்ல” என்று அவர் சொன்னபோது ஜாஃபருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

“அப்படி என்ன பாய் அவர் மேல?” என்றாள் செம்மொழி.

“தொண்ணூத்தொம்பது, ஷார்ஜா. ஒம்பதாவது மாடிக்குச் சாரம் கட்டியிருந்தாங்க. செக்கிங் பேப்பர்ல கையெழுத்து போடுன்னு என்ஜினியர் நிக்கிறான். தியாகு, ஏறிப் பார்க்காம போட மாட்டேன்னுட்டான். ‘வேலையை விட்டுப் போறியா’ன்னான். ‘போறேன்’னான். ரெண்டு மணி நேரம் தகராறு. அதுக்குள்ள அந்தச் சாரம் தானா சரிஞ்சு விழுந்துச்சு. கையெழுத்து விழுந்திருந்தா மொத ஆளா ஏறியிருக்க வேண்டியவன் நான்.”

ரயில் வந்தது. செம்மொழியின் வாய் சும்மா இருந்த அந்த அரை நிமிஷத்துக்காக ரயில்வேக்கு நன்றி சொல்லலாம்.

மருதையனின் மனைவி அம்சம் சம்பாக் களையெடுப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். காலில் சேறு காயவில்லை. வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள்.

“மில்லு ஆளுங்களா?”

“இல்லம்மா. தஞ்சாவூர்லேர்ந்து வர்றோம். உங்க வீட்டுக்காரரு நோட்டு ஒண்ணு...”

“மூணு தடவை வந்துட்டாங்க. அரிசிப் பானை வரைக்கும் கொட்டிக் கவுத்துப் பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்ல, போங்கண்ணே.”

முதலாளியின் ஆட்கள் என்று ஜாஃபர் நினைத்துக்கொண்டார். வாசலில் நின்றபடியே உள்ளே பார்வையை ஓட்டினார். சின்ன வீடு. பாத்திரங்கள் எல்லாம் தேய்த்துக் கவிழ்த்துப் பளபளவென்று இருந்தன. சுவரில் ஆணியில் ஓர் ஒயர் கூடை தொங்கியது. அதற்குள் டிபன் கேரியர். அந்தப் பக்கமிருந்து ஒரு புளித்த நாற்றம் வந்தது. செம்மொழி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஏம்மா, இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க வீட்டை. அந்த டிபன் கேரியரை மட்டும் ஏன் ஏழு நாளா கழுவல?”

ஜாஃபர் கேட்டதும் அம்சத்தின் பார்வை கூடைப் பக்கம் ஓடியது.

“வியாழக்கிழமை அவரு சாப்பிடாம போன தயிர்சோறு அது,” என்றார் ஜாஃபர். “தேடி வந்தவங்க பானையைக் கவுப்பாங்க, பெட்டியைத் தொறப்பாங்க. அழுகின சோத்தை எவன் தொடுவான்? கேரியருக்கு அடியிலதானே வச்சிருக்கீங்க?”

“பாய், இதுக்குப் பேரு மூளையா மூக்கா?” என்றாள் செம்மொழி துப்பட்டாவுக்குள்ளிருந்து.

அம்சம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கினாள். கேரியருக்கு அடியில் பாலிதீன் பையில் சுற்றி ஒரு நீள நோட்டு இருந்தது. அன்று மருதையனைப் போலீஸ் கூட்டிப்போனபோது கூட வேலை செய்தவர் யாரோ அவன் சாப்பாட்டுக் கூடையைக் கொண்டுவந்து கொடுத்தாராம். கூடையோடு வந்ததுதான் நோட்டும்.

ஜாஃபர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பெருவிரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை, பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி வெளிச்சம் ஊடுருவும் கறை. மோந்து பார்த்தார்.

“தவிடு. தவிட்டுல எண்ணெய் இருக்கு செம்மொழி. மில்லுக்குள்ள சுத்துறவன் விரல்ல அது ஒட்டாம இருக்காது. வீட்டுல உக்காந்து ஒரே நாள்ல எழுதுன கள்ள நோட்டுன்னு எவனும் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் மிஷின்கிட்ட நின்னு எழுதியிருக்கான் மனுஷன்.”

விபத்துக்கு மூன்று வாரத்துக்கு முன்னாலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரே வரி: *எலிவேட்டர் கீழ் பெல்ட் வலை இல்லை. வெல்டிங்குக்குப் போனது வரலை. சார்ட்ட சொன்னேன்.*

“இந்த சார் யாரும்மா?”

“மில்லு சங்கதியெல்லாம் அவரு வீட்டுல பேச மாட்டாருண்ணே.” அம்சம் நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். “எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். இது போச்சுன்னா எம் புள்ளைங்களுக்கு அப்பன் கொலைகாரன்னு ஆயிடும். பள்ளிக்கூடத்துல இப்பவே கேக்குறாங்க. இதை யார் கையில குடுப்பீங்க?”

“வக்கீல் கையில. அதுக்கு முன்னாடி என் கூட்டாளி ஒருத்தன் பார்க்கணும். அவன்கிட்ட இருந்தா என்கிட்ட இருக்கிற மாதிரி.”

“உங்களை நம்பலாமாண்ணே?”

“நம்பலாம்மா,” என்றார் ஜாஃபர்.

நல்ல செய்தியைச் சொல்ல வெளியே போய்த் தியாகராசனுக்குப் போன் போட்டார். “கெடைச்சிடுச்சுடா!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். திரும்பி உள்ளே வந்தபோது செம்மொழி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சாவு விழுந்த கேஸு இது. இங்கயுமா செல்ஃபி?”

“அக்கா ஆசைப்பட்டாங்க பாய்,” என்றாள் செம்மொழி. அம்சத்தின் முகத்தில் ஆசை என்ற பேருக்கே இடமில்லை. ஜாஃபர் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

தியாகராசன் மில் வாசலுக்கே வந்து கட்டிக்கொண்டார். தலை நரைத்திருந்தாலும் ஆள் அதே ஆள், அதே கதகதப்பு. ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிப்போய் ஃபேனைப் போட்டார், டீ சொன்னார். அவித்த நெல் வாசனையும் மிஷின் இரைச்சலும் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்துகொண்டிருந்தன.

டீ கிளாஸை மேஜை மேல் பரப்பியிருந்த பேப்பர் மீது வைக்கப் போனார் ஜாஃபர்.

“அங்க வைக்காதடா, இந்தப் பக்கம் வை,” என்று தியாகராசன் கிளாஸை வாங்கி நகர்த்தினார்.

“பரவாயில்லையே, நேத்து பேப்பரைக்கூட இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க,” என்றாள் செம்மொழி. அவர் சிரித்தார்.

நோட்டை வாங்கிப் புரட்டிய தியாகராசனின் கண் கலங்கியது. “பாவம்டா மருதையன். எப்படி எழுதியிருக்கான் பாரு.” மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். “வக்கீல்கிட்ட நானே நேர்ல குடுக்கறேன். உனக்கு எப்படிடா நன்றி சொல்லுவேன்?”

“சாரம் கணக்கு பாக்கியிருக்கு, அதுல கழிச்சுக்க,” என்றார் ஜாஃபர்.

செம்மொழிக்கு ஆப்பைப் பார்க்க ஆசை. தியாகராசன் தன் போனை நீட்டிக் காட்டினார். நாள் வாரியாக வரிசை வரிசையாகப் பச்சை டிக். ஒரு நாளைக்கு இருபத்து நான்கு. ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து விபத்து வரை முப்பத்தெட்டு நாள், ஒரு சிவப்பு இல்லை, ஒரு நாள் விட்டுப்போகவில்லை.

“இது யார் யார் போன்ல இருக்கு சார்?”

“என் போன்ல மட்டும்தாம்மா. இங்க நான் அழுத்துனா துபாய்ல அரிசி வாங்குற கம்பெனி ஆபீஸ்ல தெரியும். அதைப் பாத்துட்டுத்தான் கன்டெய்னருக்கு ஓகே சொல்லுவாங்க.” அவர் போனை வாங்கிக்கொண்டார். “நீங்க மில்லைச் சுத்திப் பாருங்க. நான் வக்கீலுக்குப் போன் போட்டுட்டு வர்றேன்.”

எலிவேட்டர் நிறுத்தியிருந்தது. சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். சுக்தேவ் விழுந்த இடத்தில் யாரோ இரண்டு செம்பருத்தி வைத்திருந்தார்கள். அவன் கூட்டாளிகள்தான் வைத்திருப்பார்கள். நம் பிள்ளைகள் பிழைக்கப் பாலைவனத்துக்குப் போக, அவர்கள் விட்டுப்போன வேலைக்குக் கங்கைக் கரையிலிருந்து வந்த பிள்ளைகள். பன்னிரண்டு பேர் படுக்கிற ரூமில் ஜாஃபரும் இருந்தவர்தான்.

செம்மொழி சும்மா இருப்பாளா? தன் போனை எடுத்து எலிவேட்டர் தூணில் இருந்த ஸ்டிக்கருக்கு நேரே பிடித்தாள். போன் முழித்தது. கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், சாய்த்துப் பார்த்தாள்.

“எடுக்க மாட்டேங்குது பாய். எங்க ஊரு டீக்கடையில கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் எடுக்கும்.”

“தூசியா இருக்கும்.”

“தூசி இல்ல, தெய்வ பக்தி. வந்து பாருங்க.”

ஜாஃபர் குனிந்து பார்த்தார். ஸ்டிக்கரின் மூன்று மூலைகளில் மூன்று கறுப்புக் கட்டங்கள். மூன்றின் மேலும் கெட்டியாகச் சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம். சந்தனம் காய்ந்து, நன்செய் வெடித்த மாதிரி விரிசல் விட்டிருந்தது.

“அந்த மூணு கட்டத்தை வச்சுத்தான் போன் அடையாளம் கண்டுக்கும் பாய். அதை மூடிட்டா அதுக்குக் கண்ணு தெரியாது.”

பக்கத்து மிஷினுக்குப் போனார்கள். அங்கும் மூன்று பொட்டு. அதற்கடுத்த மிஷினிலும் மூன்று பொட்டு. தரை கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி இவர்களைப் பார்த்துவிட்டு விளக்குமாற்றோடு வந்தாள்.

“அதைத் தொடாதீங்க. ஆயுத பூசைக்கு வச்சது.”

“ஸ்டிக்கருக்கும் பொட்டாக்கா?” என்றாள் செம்மொழி.

“மிஷினுக்கு வச்சோம், ஸ்பேனருக்கு வச்சோம், தராசுக்கு வச்சோம். இதுல பாத்தா மூணு கட்டம் பொட்டு வைக்கன்னே போட்ட மாதிரி இருந்துச்சு, வச்சோம். மறுநா தியாகராசன் சாரு வந்து தொடைக்கப் போனாரு. சண்டை பிடிச்சுட்டோம். பூசைப் பொட்டை வருசம் திரும்பாம யாராச்சும் தொடைப்பாங்களா? நீங்களே சொல்லுங்க.”

“சரிதான்,” என்றாள் செம்மொழி. “இங்க கூப்பிட ஒரு சார்தானாக்கா? முதலாளியை என்னன்னு கூப்பிடுவீங்க?”

“முதலாளியை முதலாளின்னுதான். சாருன்னா அவரு ஒருத்தருதான்.”

ஜாஃபர் சாதிக் எலிவேட்டர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சார்ட்ட சொன்னேன். இருபத்தோரு நாள் எழுதியிருந்தான் மருதையன். அது முதலாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று தன் மனசு தானாக முடிவு கட்டியதை இப்போது நினைத்துப் பார்த்தார். பதினான்கு வருஷம் எந்தச் சாரத்தையும் தட்டிப் பார்க்காமல் ஏறாதவர். இந்த ஒரு சாரத்தை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை.

“முப்பத்தெட்டு நாளா இந்த ஸ்டிக்கரை எந்தப் போனாலயும் படிக்க முடியாது,” என்றாள் செம்மொழி மெதுவாக. அவள் குரலில் கிண்டல் இல்லை. “ஆனா முப்பத்தெட்டு நாளும் ஸ்கேன் ஆகியிருக்கு. அப்ப பொட்டு வைக்காத ஸ்டிக்கர் வேற எங்கயோ இருக்கு பாய்.”

“தெரியும் எங்கன்னு,” என்றார் ஜாஃபர். கால் தானாக ஆபீஸ் ரூமைப் பார்த்து நடந்தது.

ரூமில் யாரும் இல்லை. டிராயர் திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. ஜாஃபர் மேஜை மேலிருந்த நேற்றைய பேப்பரைத் தூக்கினார்.

கண்ணாடிக்கு அடியில் எல்லாரும் சாமி படம் வைப்பார்கள், பிள்ளைகள் போட்டோ வைப்பார்கள். தியாகராசன் ஒரு முழுத் தாளை வைத்திருந்தார். வரிசைக்கு நாலாக ஆறு வரிசை, இருபத்து நான்கு ஸ்டிக்கர். ஒன்றிலும் பொட்டு இல்லை. நாற்காலியில் சாய்ந்த கை எட்டும் தூரம். கண்ணாடி மேல் வட்ட வட்டமாக டீ கிளாஸ் வைத்த கறை. முப்பத்தெட்டு நாள் பாதுகாப்புச் சோதனை இங்கே டீயோடு நடந்திருக்கிறது.

“செம்மொழி, இதை...”

“எடுத்துட்டேன் பாய்,” என்றாள் அவள், போனை இறக்கியபடி. இந்தத் தடவை அவர் திட்டவில்லை.

பாய்லர் கொட்டகையில் உமி எரியும் அடுப்பின் வாயில் தியாகராசன் நின்றிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. அடுப்புக்குள் நோட்டின் அட்டை கடைசியாகச் சுருண்டுகொண்டிருந்தது. ஜாஃபரைப் பார்த்ததும் அவர் ஓடவும் இல்லை, மழுப்பவும் இல்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

“எரிஞ்சிடுச்சா?” என்றார் ஜாஃபர்.

“எரிஞ்சிடுச்சு.”

“அம்சம் வீட்டுக்கு மூணு தடவை ஆள் விட்டது நீதானா?”

“நான்தான். அந்தம்மா குடுக்கல. உன்னைப் பாத்தா குடுக்கும்னு தெரியும். யாருக்கும் உன்னைப் பாத்தா நம்பணும்னு தோணும், சாதிக். எனக்கும் அப்படித்தானே தோணுச்சு அந்தக் காலத்துல.”

அடி வாங்கினதுபோல் இருந்தது ஜாஃபருக்கு. அடித்திருந்தால்கூடத் தேவலை. தன்னிடம் இருந்த நல்லதையே பார்த்துப் பொறுக்கி எடுத்து, அதைச் சாவியாக வளைத்து ஒரு ஏழை வீட்டைத் திறந்திருக்கிறான். முகத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் போலிருந்தது.

“ஏன்டா?”

“மொத நாள் நடந்துதான் போனேன், சாதிக். சத்தியமா. போன் எடுக்கல. பொட்டைத் தொடைக்க விட மாட்டேன்னுட்டாங்க. சரி, இன்னிக்கு ஒரு நாள்னு மேஜையில இருந்த ஷீட்ல அடிச்சேன். உக்காந்து அடிச்சுப் பாத்தேன்டா. முழங்கால் வலி இல்ல, படி ஏற வேணாம். மறுநாளும் உக்காந்தேன்.”

“மருதையன் வலை இல்லன்னு சொன்னான்ல?”

“தினம் சொன்னான். மிஷினை நிறுத்துனா கன்டெய்னர் நின்னுடும்னு முதலாளி குதிச்சாரு. நான் சிவப்பு அழுத்தியிருந்தா துபாய்ல தெரிஞ்சிடும். ரெண்டு பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். இந்த வயசுல எவன்டா எனக்கு வேலை குடுப்பான்?”

“ஷார்ஜாவுல வேலை போனா போகட்டும்னு நின்னியே தியாகு.”

“அப்ப எனக்கு எவனும் இல்லடா. நீ மட்டும்தான் இருந்த,” என்றார் தியாகராசன். இப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. “நோட்டு போயிடுச்சு. நீ வாயை மூடிக்கிட்டா இது இத்தோட முடிஞ்சிடும். மருதையனுக்கு நல்ல வக்கீலா வச்சுடறேன். என் உசிரைக் காப்பாத்து சாதிக். உன் உசிரை நான் காப்பாத்தியிருக்கேன்ல?”

அதைச் சொல்லிக் காட்டாமல் இருபது வருஷம் இருந்தவன். அதற்காகவே ஜாஃபர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். இன்று அதையும் எடுத்து மேஜையில் போட்டுவிட்டான்.

“சுக்தேவுக்கும் ஒருத்தன் வேணுமே தியாகு,” என்றார் ஜாஃபர். “ஏறிப் பார்க்காம கையெழுத்து போட மாட்டேன்னு நிக்கிறதுக்கு ஒருத்தன். அவனுக்கு நீதான் வாச்ச.”

வேனில் ஏறி உட்கார்ந்ததும் ஜாஃபர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெறித்தார். பொட்டு இருக்கிறது, ஷீட் இருக்கிறது, ஆப் பொய் என்று நிரூபித்துவிடலாம். ஆனால் வலை மூன்று வாரமாக இல்லை என்பதற்கு இருந்த ஒரே காகிதம் அடுப்புக்குள் போய்விட்டது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்த கை அவருடையது.

“அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன் செம்மொழி? நம்பலாம்னு சொன்னேனே.”

செம்மொழி போனை நீட்டினாள். திரையில் மருதையனின் கோணல் எழுத்து. எலிவேட்டர் கீழ் பெல்ட் வலை இல்லை. ஓரத்தில் தவிட்டு எண்ணெய் விரல்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. அவள் விரலால் தள்ளினாள். அடுத்த நாள். தள்ளினாள். அதற்கடுத்த நாள்.

“இருபத்தோரு பக்கமும் இருக்கு பாய். நீங்க வெளிய போய்க் கத்திக்கிட்டு இருந்தீங்கல்ல, அப்ப எடுத்தது.”

“செல்ஃபின்னியே?”

“நீங்கதான் செல்ஃபின்னீங்க. அக்காதான் எடுக்கச் சொன்னாங்க.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க. ‘அண்ணன் நல்லவரு. நல்லவங்கதான் யாரையாச்சும் நம்பிக் குடுத்துடுவாங்க. எனக்குப் பயமா இருக்கு, நீ எடுத்து வச்சுக்க’ன்னாங்க.”

ஜாஃபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். களையெடுத்துவிட்டு வந்து வாசலில் நின்ற ஒருத்திக்குப் பத்து நிமிஷத்தில் தெரிந்தது, தனக்கு இருபது வருஷமாகத் தெரியவில்லை. அந்தச் சந்தேகத்துக்கு அவர் மனசார நன்றி சொன்னார். சொல்லும்போதே வலித்தது.

“வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடு,” என்றார்.

ஸ்டேஷனில் ரைட்டர் கம்ப்யூட்டரில் புகாரை அடித்தார். செம்மொழி படங்களைக் காட்டினாள், ஸ்டிக்கரைப் பற்றி விளக்கினாள். மில்லுக்கு ஒரு ஜீப் போயிற்று. மருதையனுக்கு வழி பிறந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டரே சொன்னார். அதை அம்சத்துக்குப் போனில் சொல்லும்போது செம்மொழி ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

ரைட்டர் மூன்று பக்கம் பிரின்ட் எடுத்து ஜாஃபரின் முன்னால் வைத்துப் பேனாவைக் கொடுத்தார். “எல்லாம் நீங்க சொன்னதுதான் பாய். அடியில ஒரு கையெழுத்து போட்டுட்டுக் கெளம்புங்க. மழை வருது.”

ஜாஃபர் காகிதங்களைத் தன் பழைய அட்டையில் வைத்துக் கிளிப்பைப் போட்டார். முதல் வரியில் விரலை வைத்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். ரைட்டர் கடிகாரத்தைப் பார்த்தார், செம்மொழி ஜன்னலைப் பார்த்தாள். அவர் மூன்று பக்கத்தையும் முடிக்கும் வரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

பார்க்காமல் கையெழுத்து போடக்கூடாது. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவனின் பெயர், தகப்பனார் பெயரோடும் விலாசத்தோடும், எதிரி என்ற இடத்தில் சரியாக அச்சாகியிருந்தது. ஒருமுறை சரிபார்த்துவிட்டு, ஜாஃபர் சாதிக் கையெழுத்து போட்டார்.